பட்ஜெட் ஒரு நாட்டையும் ஒரு வட்டாரத்தையும் எப்படி வளர்க்கிறது?

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலும், அதையொட்டிய வாரங்களில் மாநிலச் சட்டமன்றங்களிலும் பட்ஜெட் வாசிக்கப்படுகிறது. இந்த ஆவணத்துக்குப் பொருளாதார வளர்ச்சியில் உண்மையிலேயே பங்கு உண்டா, உண்டு என்றால் இத்தனை ஆண்டுகள் பட்ஜெட் போட்ட பிறகும் சில மாநிலங்களும், ஒரே மாநிலத்துக்குள் சில மாவட்டங்களும் ஏன் பின்தங்கியே இருக்கின்றன என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். இந்தியாவையும், விவரம் தேவைப்படும் இடங்களில் தமிழ்நாட்டையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

பட்ஜெட்டால் வளர்ச்சி வருகிறது. ஆனால் உரையில் மேசை தட்டப்படும் தொகையால் அது வருவதில்லை. ஆண்டு தவறாமல் வந்து சேரும் பணமும், அந்தப் பணத்தைக் குறித்த காலத்துக்குள் செலவழித்து முடிக்கும் நிர்வாகமும் எங்கே ஒன்றாக அமைந்திருக்கின்றனவோ அங்கே வருகிறது. வட்டார ஏற்றத்தாழ்வின் வேரும் அங்கேதான் இருக்கிறது. நிலம் தயாராக, திட்ட அறிக்கை தயாராக, பொறியாளர் பணியிடங்கள் நிரப்பப்பட்டு இருக்கிற இடம் பணத்தை இழுத்துக்கொள்கிறது. இவை எதுவும் இல்லாத இடத்துக்கு ஒதுக்கிய பணம் மார்ச் 31 அன்று காலாவதியாகித் திரும்புகிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 112-வது பிரிவு ஒன்றிய அரசும், 202-வது பிரிவு மாநில அரசுகளும் ஆண்டு நிதிநிலை அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்கின்றன. சட்டத்தின் நோக்கம் கட்டுப்பாடு: மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் இல்லாமல், அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகக்கூடாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டில் வருவாய் ஏறத்தாழ 171 கோடி ரூபாய், செலவு ஏறத்தாழ 197 கோடி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை பாதுகாப்புக்கு. பிரிவினையின் சூட்டில் போடப்பட்ட அந்தக் கணக்கில் வளர்ச்சிக்கு இடம் குறைவு. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்தது தொகை மட்டுமன்று. சாலை போடுவது, உரத்துக்கு மானியம் கொடுப்பது, மாநிலங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது என்று அரசின் கையே நீண்டுவிட்டது.

பட்ஜெட்டைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் உரையை விட்டுவிட்டு மதிப்பீட்டுப் புத்தகங்களைத் திறக்க வேண்டும் என்பேன். அங்கே ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் நேராக நான்கு எண்கள் இருக்கும். முந்தைய முடிந்த ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, நடப்பு ஆண்டுக்கான திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. உரை நான்காவது எண்ணைப் பற்றி மட்டும் பேசும். முந்தைய ஆண்டில் அறுநூற்றைம்பது கோடியே செலவான ஒரு துறைக்கு நடப்பு ஆண்டில் ஆயிரம் கோடி ஒதுக்கி, திருத்த மதிப்பீட்டில் அதை எழுநூறாகக் குறைத்திருந்தால், மறு ஆண்டில் "ஆயிரத்து இருநூறு கோடி, இருபது சதவீத உயர்வு" என்று வாசிக்கப்படுவதற்கு என்ன மதிப்பு என்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும். (இது விளக்கத்துக்காக நான் வைத்த கணக்கு, ஆனால் இதே வடிவத்தில் ஓடும் கணக்குத் தலைப்புகளை எந்த அரசின் புத்தகத்திலும் தேடாமலே காணலாம்.)

நாட்டளவில் பட்ஜெட் செய்யும் வேலைகளில் முதலாவது, பொருளாதாரம் சரியும்போது தாங்கிப் பிடிப்பது. 2020-21 இதற்குத் தெளிவான சான்று. அந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்ப வேண்டிய இடைவெளி, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3.5 சதவீதமாக இருக்கும் என்று பட்ஜெட் சொன்னது. பெருந்தொற்று வந்தது, வருவாய் விழுந்தது, செலவு ஏறியது, பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாய், ஆண்டு முடிவில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிச் செலவாகியிருந்தது. நகரங்களில் வேலை போய் ஊர் திரும்பியவர்களின் கையில் கூலியாக அந்தப் பணம் சேர்ந்தது. பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த 2003-இல் இயற்றப்பட்ட நிதிப் பொறுப்புச் சட்டத்தின் வரம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த ஆண்டின் வீழ்ச்சி இன்னும் ஆழமாகப் போயிருக்கும். சட்டமும் இத்தகைய நேரங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. தாங்கிப் பிடித்த பிறகு கையை எடுப்பதுதான் கடினம்: 4.4 சதவீதம் என்ற இலக்குக்கு இறங்கி வர 2025-26 வரை ஆயிற்று.

இரண்டாவது வேலை, தனியார் முதலீடு தானாக வராத இடங்களில் நீண்ட காலம் நிற்கும் சொத்துகளை உருவாக்குவது. தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, அரசின் மூலதனச் செலவு ஒரு ரூபாய் கூடினால் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 2.45 ரூபாய் கூடுகிறது என்றும், பணமாகக் கைமாற்றித் தரும் செலவில் அது 0.98 ரூபாய் அளவே என்றும் மதிப்பிட்டது. இந்த எண்களைத் துல்லியமான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் திசை சரியானது. ஒன்றிய அரசு 2019-20-இல் ஏறத்தாழ 3.36 லட்சம் கோடியாக இருந்த மூலதனச் செலவை 2025-26 மதிப்பீட்டில் 11.21 லட்சம் கோடிக்குக் கொண்டுபோனது இந்த நம்பிக்கையில்தான். மாநிலங்களும் அதே வழியில் செல்ல வேண்டும் என்பதற்காக ஐம்பது ஆண்டுத் தவணையில் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் திட்டம் 2020-21-இல் தொடங்கியது. 2025-26-இல் அதற்கான ஒதுக்கீடு 1.5 லட்சம் கோடி. அந்தக் கடனின் ஒரு பகுதிக்கு ஒன்றிய அரசு விதிக்கும் சீர்திருத்த நிபந்தனைகள் உண்டு என்பதால், சாலையோடு சேர்த்து அதிகாரமும் கொஞ்சம் டெல்லிப் பக்கம் நகர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான பிழையைத் தடுக்க விரும்புகிறேன். மூலதனச் செலவு என்றால் வளர்ச்சி, வருவாய்ச் செலவு என்றால் விரயம் என்று தொலைக்காட்சி விவாதங்களில் அடித்துப் பேசுகிறார்கள். கணக்கியலில் பள்ளிக் கட்டடம் மூலதனம்; அந்தக் கட்டடத்துக்குள் பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர் மூலதனம். செவிலியரும் மருந்தும் வருவாய்ச் செலவு. தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் எல்லாமே கணக்குப் புத்தகத்தில் வருவாய்ச் செலவுகள்தான். 1982-இல் இதற்கு இவ்வளவு பணமா என்று கேட்ட பொருளியல் அறிஞர்கள் உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் இருத்திய அந்தச் செலவு இல்லாமல், பிற்காலத்தில் திருப்பெரும்புதூருக்கும் ஓசூருக்கும் ஆலைகள் வந்தபோது வேலைக்கு எடுக்கப் படித்த பெண்களும் ஆண்களும் இந்த எண்ணிக்கையில் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆகவே ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்பதைக் காட்டிலும், பத்து ஆண்டு கழித்து அது எதை விட்டுச்செல்லும் என்று பார்ப்பதே சரி.

ஆனால் அதற்காக வருவாய்ப் பற்றாக்குறையைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் வருவாய் வரவு ஏறத்தாழ 3.31 லட்சம் கோடி, வருவாய்ச் செலவு ஏறத்தாழ 3.73 லட்சம் கோடி. இடைவெளி 41,600 கோடிக்கு மேல், அன்றாடச் செலவுக்கே கடன். ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்று மட்டுமே வருவாயில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. மூலதனச் செலவுக்கு வைத்திருந்தது சுமார் 57,000 கோடி. வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல். பழைய கடனுக்குக் கட்டும் வட்டி, புதிதாகக் கட்டும் சொத்தை விடப் பெரிதாக இருக்கும்போது, எந்தக் கட்சியின் நிதியமைச்சர் உரையை வாசித்தாலும் அவர் உண்மையில் முடிவெடுக்கக்கூடிய பகுதி மிகச் சிறியது. மீதிப் பெரும்பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த முடிவுகள் இன்றைக்குச் செலவாக வந்து நிற்பதுதான். ஒன்றிய அரசுக்கும் இதே நிலைதான். 2025-26-இல் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்குப் போகிறது. வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடனாக வருகிறது.

இனி வட்டாரங்களுக்கு வருவோம். மாநிலங்களுக்கு இடையே பணம் எப்படிப் பிரிகிறது என்பது பட்ஜெட் உரைக்கு வெகு முன்பே, அரசியலமைப்பின் 280-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக் குழுவில் முடிவாகிவிடுகிறது. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக் குழு, பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்று வைத்து, அதை அவற்றுக்கிடையே பிரிக்க வருமான இடைவெளிக்கு 45 சதவீதம், 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் சாதனைக்கு 12.5, காடும் சூழலும் என்பதற்கு 10, வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 என்று எடை கொடுத்தது. தனிநபர் வருமானம் குறைவாக இருக்கும் மாநிலத்துக்கு அதிகம் என்பதே இதன் உயிர்நாடி. உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதமும் பீகாருக்கு 10.058 சதவீதமும் கிடைத்தன. தமிழ்நாட்டின் பங்கு 13-வது குழுவில் 4.969 ஆக இருந்து, 14-வது குழுவில் 4.023 ஆக இறங்கி, 15-வது குழுவில் 4.079 ஆனது, 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்களில் ஏறத்தாழ 6 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருந்தனர்.

வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் தருவது கூட்டாட்சியின் கடமை. அதில் எனக்கு மறுப்பு இல்லை. தென்மாநிலங்கள் சொல்லும் குறைகளில் வலுவானது வேறொன்று. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிக்கப்படும் மேல்வரிகள் பகிர்வுக்குரிய தொகுப்பில் சேர்வதில்லை. ஆகவே பெட்ரோலுக்கும் வருமான வரிக்கும் மேல் அவை கூடக்கூட, 41 சதவீதம் என்பது ஏட்டளவில் 41 ஆகவே இருக்க, கைக்கு வருவது குறையும். 2025-26 மதிப்பீட்டில் ஒன்றிய அரசின் மொத்த வரி வருவாய் 42.70 லட்சம் கோடி, மாநிலங்களுக்குப் போகும் பங்கு 14.22 லட்சம் கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்தச் சுருக்கம் பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒன்றாகவே பாதிக்கிறது. இந்தச் சண்டையை வடக்கு, தெற்கு என்று நடத்துவதால் பொதுவான இழப்பு பேசப்படாமலே போகிறது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் பேசுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு வரலாறும் உண்டு. 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை, எஃகும் நிலக்கரியும் நாட்டின் எந்த மூலையிலும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கும்படி சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் கொள்கை நடப்பில் இருந்தது. சுரங்கத்துக்கு அருகில் இருப்பதால் பீகாருக்கும் வங்காளத்துக்கும் கிடைத்திருக்க வேண்டிய இயல்பான சாதகத்தை அது துடைத்தெடுத்தது. கனிமம் அங்கிருந்து போக, ஆலைகள் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் எழுந்தன. பருத்திக்கோ மற்ற மூலப்பொருள்களுக்கோ அப்படியொரு சமப்படுத்தல் இல்லை. எந்த பட்ஜெட் உரையிலும் பெரிதாக ஒலிக்காத இத்தகைய விலைக் கொள்கை ஒன்று நாற்பது ஆண்டுகளில் ஒரு வட்டாரத்துக்குச் செய்த சேதத்தை, இன்றைய வரிப்பகிர்வு ஓரளவுக்குத்தான் ஈடுசெய்கிறது.

மாநிலத்துக்குள் நடப்பது இதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது; அங்கே மாவட்டங்களுக்கிடையே பணத்தைப் பிரிக்க நிதிக் குழுவுடையதைப் போன்ற சூத்திரம் எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். தமிழ்நாட்டு அரசு 1971-இல் தன் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டைத் தொடங்கி ராணிப்பேட்டையிலும் ஓசூரிலும் தொழிற்பேட்டைகளை அமைத்தது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தின் விளிம்பில் இருந்த சிறிய ஊர். நிலத்தை மேம்படுத்தி, தண்ணீரும் மின்சாரமும் சாலையும் கொடுத்து, சலுகையும் அளித்த பின் பெரும் வாகன நிறுவனங்கள் வந்தன, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான உதிரிபாகப் பட்டறைகள் முளைத்தன. அரசுப் பணம் ஒரு வட்டாரத்தைத் தூக்கி நிறுத்தியதற்கு இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கே பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டரில் இருந்தது. அதே முறையில் தென்மாவட்டங்களில் அமைக்கப்பட்ட பேட்டைகள் பலவற்றில் மனைகள் நெடுங்காலம் காலியாகக் கிடந்தன. சந்தையும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் அருகில் இல்லாத இடத்தில், நிலத்துக்கான சலுகை மட்டும் ஆலையைக் கொண்டுவந்துவிடாது. 2021-இன் தொழிற்கொள்கை மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை வைத்தது. தூத்துக்குடியில் 2025-இல் மின்வாகன ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியதற்கு அந்தச் சலுகையோடு, அங்கே ஏற்கெனவே ஒரு துறைமுகம் இருந்ததும் காரணம். துறைமுகம் அரை நூற்றாண்டுக்கு முந்தைய பட்ஜெட்டுகளின் பலன்.

இன்னொரு கோணத்தையும் பார்க்க வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மதிப்பிடப்பட்ட செலவு 63,246 கோடி ரூபாய். பல ஆண்டுகளில் பரவும் செலவுதான் என்றாலும், ஒரே நகரத்தின் ஒரே திட்டம் முழு மாநிலத்தின் ஓராண்டு மூலதன ஒதுக்கீட்டைவிடப் பெரிது. மறுபுறம், மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-இல் ஒதுக்கியது ஏறத்தாழ 13,800 கோடி. அந்த பட்ஜெட்டின்போது இதைப் பெற்றுவந்த சுமார் 1.15 கோடிப் பெண்கள் எல்லா மாவட்டங்களிலும் பரவியிருந்தார்கள். மூலதனச் செலவு பெருநகரில் குவிகிறது, கையில் தரும் பணம் முதுகுளத்தூர் வரை போய்ச் சேர்கிறது. "இலவசங்களை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கட்டுமானத்தில் போடுங்கள்" என்று சொல்கிறவர்கள், எந்த ஊரின் கட்டுமானத்தில் என்று கேட்டுக்கொள்வதில்லை. உற்பத்தியைப் பெருக்கும் திறன் மூலதனச் செலவுக்கு அதிகம், வட்டாரச் சமநிலை கையில் தரும் பணத்தில் அதிகம். ஓர் அரசு இரண்டையும் அளவறிந்து கலக்க வேண்டியிருக்கிறது. கலவையின் அளவில்தான் அரசியல் இருக்கிறது.

ஒதுக்கிய பணம் ஏன் செலவாவதில்லை என்பதற்கு, எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்ட வேண்டும். இருபுறமும் ஏறி இறங்கும் அணுகு சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்ட வேண்டும். அதற்கான நிலத்தை வருவாய்த் துறை எடுத்துத் தர வேண்டும். சட்டமன்றத்தில், விவாதமின்றி அறிக்கை வாசிக்க இடம் தரும் 110-வது விதியின் கீழ் அறிவிப்பு வந்ததும் ஊரில் பட்டாசு வெடிக்கிறது. அதன் பிறகு அரசாணையில் நிர்வாக ஒப்புதல், பொறியாளர்களின் தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று ஒவ்வொரு படியும் ஏறியாக வேண்டும். இடையில் நான்கு வீட்டுக்காரர்கள் இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் போனால், அந்த ஆண்டுக்கு அணுகு சாலைக்கென வைத்த தொகை செலவாகாமல் சரண்டர் செய்யப்படும், அதாவது நிதித் துறைக்கே திரும்பும். ரயில்வேயின் பணமோ ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து தன் போக்கில் வந்து, தண்டவாளத்துக்கு மேல் ஒரு துண்டுப் பாலம் எழுந்து நிற்கும். இரண்டு பக்கமும் வழி இல்லை. அடுத்த பட்ஜெட்டில் அதே பாலத்துக்கு, விலை உயர்வைச் சேர்த்து, மறுபடியும் ஒதுக்கீடு. இரண்டு அரசுகளின் உரைகளிலும் அது மொத்தம் எத்தனை முறை சாதனையாக வாசிக்கப்பட்டது என்று எண்ணினால் சிரிப்புத்தான் வரும். ஆண்டின் கடைசி மாதங்களில் அள்ளிச் செலவழிப்பது நிதி ஒழுக்கத்துக்கு மாறானது என்று ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. அப்படியும் மார்ச் இரண்டாம் பாதியில் கருவூலங்களில் பட்டியல்கள் மலையாகக் குவிவது நிற்கவில்லை.

பணம் எந்த வழியில் வருகிறது என்பது எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ் ஒரு பாடம். 2015 பிப்ரவரி 28 அன்று ஒன்றிய நிதியமைச்சர் அருண் ஜெட்லி வாசித்த ஒரே உரையில் தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம், பஞ்சாப், அசாம், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மருத்துவமனை 2022 அக்டோபரிலும், குவாஹாட்டி 2023 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. மதுரைக்குத் தோப்பூரில் இடம் முடிவானதே 2018-இல். 2019 ஜனவரியில் அடிக்கல். மற்றவற்றுக்கு ஒன்றிய அரசு தன் பட்ஜெட் பணத்தையே கொடுத்தது. மதுரைக்கு மட்டும் ஜப்பானியப் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனை நம்பியது. கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தாகி, கட்டுமானம் 2024-இல்தான் தொடங்கியது. முதல் மாணவர்கள் 2022-இலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிப் படித்தார்கள். ஒரே நாளில் ஒரே வாயால் அறிவிக்கப்பட்ட திட்டங்களுக்குள் இத்தனை ஆண்டு இடைவெளி. நிலத் தேர்வில் ஏற்பட்ட தாமதத்துக்கு மாநிலத் தரப்புக்கும் பங்கு உண்டு என்றாலும், பணத்தின் ஊற்று வேறாக இருந்ததே தாமதத்தை நீட்டியது என்று நினைக்கிறேன்.

பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றே ஒன்றிய அரசு முன்பு ஒரு தனி மானிய நிதியை நடத்தியது. அதன்பின் 2018-இல் வந்த முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும். இது பெரிய அளவில் புதுப் பணம் தரும் திட்டமன்று. இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைத்து, குறியீடுகளை மாதந்தோறும் அளந்து, மாவட்டங்களைப் போட்டியிட வைப்பது. கண்காணிப்பால் தடுப்பூசியும் மாணவர் வருகையும் மேம்படும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் ஒரு மாவட்டத்துக்குக் குடிநீரைக் குழாயில் கொண்டுவரக் கண்காணிப்பு போதாது, முதலீடு வேண்டும்.

பணம் கடைசியாகப் போய்ச் சேரும் உள்ளாட்சியில் நிலைமை மேலும் மெலிகிறது. உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73, 74-வது திருத்தங்களுக்குப் பிறகு மாநில நிதி ஆணையங்கள் அமைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீத அளவில் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்கித் திட்டமிடும் பொறுப்பையும் கொடுத்தது. அங்கே எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பணம் துண்டு துண்டாகச் சிதறியது என்ற குறை அங்கேயே உண்டு. ஆனால் தன் ஊருக்கு எவ்வளவு வரும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிந்த ஊராட்சிக்கும், திட்டவாரியாக மேலிருந்து வருவதைக் காத்திருந்து வாங்கும் ஊராட்சிக்கும் திட்டமிடும் பழக்கத்திலேயே வேறுபாடு இருக்கும்.

மாவட்டம் ஒன்றுக்கு பட்ஜெட் என்ன செய்தது என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால், நிதிநிலை அறிக்கையிலிருந்து பதில் சொல்ல முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. புத்தகங்கள் துறைவாரியாகவும் கணக்குத் தலைப்பு வாரியாகவும் அமைந்தவை. அரியலூருக்கு எவ்வளவு, கோயம்புத்தூருக்கு எவ்வளவு என்ற வரிசை அவற்றில் இல்லை. மற்ற மாநிலங்களில் வேறு முறைகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு 2002-இல் தாலுகாவாரியாகக் குறியீடு கட்டி 114 தாலுகாக்கள் பின்தங்கியவை என்று பட்டியலிட்டது. அதன் அடிப்படையில் சிறப்பு வளர்ச்சித் திட்டம் எட்டு ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. அம்மாநிலத்தில் உள்ள பழைய ஹைதராபாத் சமஸ்தானப் பகுதிக்கு அரசியலமைப்பின் 371ஜெ பிரிவின் வழியாகத் தனி வாரியமும் தனி ஒதுக்கீடும் வந்தன. மகாராஷ்டிரத்தில் மாவட்டத் திட்டக் குழுக்களுக்கு ஆண்டுத் தொகை மாவட்டவாரியாகவே அறிவிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் சம்பளப் பட்டியலிலிருந்து ஒப்பந்ததாரர் பட்டியல் வரை எல்லாம் மாவட்டக் கருவூலங்கள் வழியாக, ஒருங்கிணைந்த மென்பொருளில்தான் இப்போது பதிவாகின்றன. ஆகவே தரவு அரசின் கையிலேயே இருக்கிறது. துறைகளின் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகளின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், முந்தைய ஆண்டின் செலவை மாவட்டவாரியாகக் காட்டும் ஓர் இணைப்பைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய பணமோ தேவையில்லை. நிதித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.